லைஸென்ஸ் மகாத்மியம்

நமது பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வயது பதின்மூன்று. மனிதனுக்குப் பதின்மூன்று என்றால் மீசை அரும்பும் பருவம். கம்ப்யூட்டருக்கோ சஷ்டியப்தபூர்த்தி கழிந்து பேரன் பேத்திகளைக் கண்டுவிட்ட வயது. ஆயினும் மாற்றுச் சான்றிதழ், சம்பளப் பட்டியல், மதிப்பெண் பட்டியல் ஆகிய சகல கைங்கரியங்களையும் அது ஒன்றே செய்து வந்தது. செய்முறைப் பரீட்சை மதிப்பெண்களை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய வாரம் பார்த்து, ஒரு திங்கட்கிழமை காலையில், அது மூச்சை நிறுத்திவிட்டது.

கடைத்தெருவிலிருந்து ஒரு பையன் வந்தான். பெட்டியைத் திறந்தான், உள்ளே முகர்ந்து பார்த்தான். "மதர்போர்டு போயிடுச்சு, ஸார்" என்றான். கம்ப்யூட்டரின் மூளையும் நினைவும் நரம்புகளும் எந்தப் பலகையின் மீது அமர்ந்திருக்கின்றனவோ, அந்தப் பலகைக்குத்தான் அப்படிப் பெயர். அந்த மாடலுக்கு உரிய பலகை இப்போது கிடைப்பதில்லையாம். வேறொரு கம்பெனியின் பழைய பலகையைக் கொணர்ந்து பொருத்தினான்; எங்கள் பழைய டிஸ்க்கையே அதில் மாட்டினான். யந்திரம் கண் விழித்தது. பைல்கள் யாவும் வைத்தது வைத்தபடியே இருந்தன. நாம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, திரையின் வலப்புறத்துக் கீழ் மூலையில் மங்கலாகச் சில எழுத்துக்கள் தோன்றின. விண்டோஸை ஆக்டிவேட் செய்துகொள்ளும்படி அவை நினைவூட்டின.

ஹெட்மாஸ்டர் நம்மைப் பார்த்தார். "என்ன ஸார் இது? பணம் கொடுத்து வாங்கினதுதானே? பில்கூட எங்கேயோ இருக்குமே?" என்றார்.

பையன் சிரித்தான். "இருநூறு ரூபாய் கொடுங்க ஸார். கிராக் போட்டுத் தரேன். அந்த எழுத்து போயிடும்" என்றான்.

முந்தின மணியில்தான் நாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கள்ளாமை அதிகாரத்தை நடத்திவிட்டு வந்திருந்தோம். கையிலே சாக்குக் கட்டித் தூள்கூட இன்னும் போகவில்லை. பையனுக்கு நன்றி சொல்லி, பலகைக்கான கூலியை மட்டும் கொடுத்து அனுப்பினோம். ஆனால் ஹெட்மாஸ்டர் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. பணம் கொடுத்துத்தானே வாங்கினோம்? எதை வாங்கினோம்?

ரயில் டிக்கெட்டு வாங்கினவன் ரயில் வண்டியை வாங்கினவன் ஆகமாட்டான். இன்ன வண்டியில், இன்ன தேதியில், இன்ன ஊர் வரையில் போகலாம் என்ற அனுமதியையே அவன் வாங்குகிறான். விண்டோஸ் முதலிய இயங்குதளங்களின் சங்கதியும் அதுவே. பெட்டியும் திரையும் நம் சொத்து. பெட்டிக்குள் இருந்துகொண்டு அதை ஆட்டிப் படைக்கும் இயங்குதளம் நம் சொத்தன்று. அதை உபயோகிக்கும் அனுமதி மாத்திரமே நம்முடையது. அந்த அனுமதிக்கு லைஸென்ஸ் என்று பெயர். அனுமதி உள்ளவர்தாமா என்று இயங்குதளம் தானே சோதித்துக் கொள்வதற்கு ஆக்டிவேஷன் என்று பெயர். யந்திரம் ஒழுங்காக ஓடும்வரையில் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. டிஸ்க்கை மாற்றும்போது, பலகையை மாற்றும்போது, பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு ஏறும்போது, அல்லது வைரஸ் பிடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவும்போதுதான் டிக்கெட்டுப் பரிசோதகர் வந்து நிற்கிறார்.

இந்தப் பரிசோதகருக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1976-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், இருபது வயது நிரம்பிய பில் கேட்ஸ் என்னும் இளைஞர், வீட்டிலே கம்ப்யூட்டர் கட்டி விளையாடிய அமெரிக்கர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற யந்திரத்துக்காகத் தாமும் தம் கூட்டாளிகளும் எழுதிய பேஸிக் மொழி நிரலை, பெரும்பாலோர் விலை கொடாமல் பிரதி எடுத்துக் கொள்கிறார்கள் என்பது அவருடைய குறை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. இரவு பகலாக உழைத்து எழுதியவனுக்குக் கூலி வேண்டாமா? புத்தகம் எழுதியவனுடைய வயிற்றில் அடிப்பதைப் போன்றதே இதுவும்.

ஆனால் குறை சொன்ன கம்பெனியே வெகு காலம்வரை பூட்டைப் பலமாகப் போடவில்லை. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-க்குப் பத்து இலக்கச் சாவி எண் ஒன்று கேட்பார்கள். அதன் கடைசி ஏழு இலக்கங்களைக் கூட்டி, வருகிற தொகை ஏழால் மீதியின்றி வகுபட்டால் போதும், கதவு திறந்துவிடும். ஏழு ஒன்றுகளைப் போட்டாலும் கூட்டுத்தொகை ஏழு! நமது ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பிள்ளைகள் அரை மணியில் நூறு சாவி செய்துவிடுவார்கள். வேண்டுமென்றே இப்படி விட்டுவைத்தார்களா, அசட்டையால் நேர்ந்ததா என்பதை நேயர்கள் அவரவர் சுபாவப்படி தீர்மானித்துக் கொள்ளலாம். ஊரெல்லாம் பழகிய பின்பு டிக்கெட்டுக் கேட்பது ஒரு வியாபார முறைதான்.

2001-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி-யோடு காலம் மாறிற்று. இதற்கு 25 எழுத்துச் சாவி. ஒன்றுக்கொன்று மயங்கும் எழுத்துக்களையும் உயிரெழுத்துக்களையும் நீக்கி, மிச்சமிருந்த ஆங்கில எழுத்துக்களிலும் எண்களிலும் 24 குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். 24 குறிகளால் 25 இடங்களை நிரப்பும் வகைகளை எண்ணிப் பார்த்தால் 35 இலக்கம் கொண்ட ஒரு தொகை வருகிறது. இனி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளால் ஒன்றும் ஆகாது.

சாவி சரியாயிருந்தாலும் போதாது என்பதுதான் அன்று புகுந்த புதுமை. இயங்குதளம் தான் குடியிருக்கும் பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்து, சில்லு, டிஸ்க், நினைவகம், வலையட்டை முதலான பத்து அங்கங்களின் அடையாளங்களைச் சுருக்கி ஒரு கைரேகையாக்கிக் கொள்ளும். அந்தக் கைரேகையும் சாவியும் கம்பெனியின் பேரேட்டில் ஜோடியாகப் பதிவாகவேண்டும். அதற்கு 30 நாள் தவணை. இணையம் இல்லாதவர்கள் டெலிபோன் செய்து, திரையில் தோன்றும் 50 இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்கவேண்டும். மறுமுனையில் சொல்லும் 42 இலக்கங்களைக் கேட்டுப் பிழையின்றித் தட்டவேண்டும். தவணை தப்பினால் கதவு அடைபட்டுவிடும். ஓரிரண்டு அங்கங்கள் மாறினால் பொறுத்துக் கொள்ளும். பல அங்கங்கள் மாறினால் இது வேறு வீடு என்று சொல்லி மறுபடியும் அனுமதி கேட்கும். இந்தக் கைரேகையில் என்னென்ன ரகசியம் போகிறதோ என்று ஜனங்கள் அஞ்சினார்கள். ஜெர்மனியில் ஒரு சிறு கம்பெனியார் அதை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்து, எக்ஸ்பி கடைக்கு வருமுன்னரே, அந்தச் சுருக்கத்திலிருந்து சொந்த விவரங்களை மீட்பது இயலாது என்று எழுதினார்கள். அந்த மட்டிலும் ஆறுதல்.

நிற்க. இப்போதைய நிலைமைக்கு வருவோம். நேயர்களின் இல்லங்களுக்கு உபயோகப்படக் கூடியது இந்தப் பகுதிதான்.

லைஸென்ஸ் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. கடையில் தனியே விலை கொடுத்து வாங்குவது ஒரு விதம். பழைய யந்திரத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதிய யந்திரத்துக்கு அதைக் கொண்டு போகலாம். ஆனால் ஒரே காலத்தில் ஒரு யந்திரத்தில்தான் இருக்கவேண்டும். கம்ப்யூட்டரோடு கூடவே ஒட்டிக்கொண்டு வருவது இன்னொரு விதம், இதை ஓ.இ.எம். என்பார்கள். விலை குறைவு. ஆனால் அது பெட்டியோடு உடன்கட்டை ஏறும் ஜாதி. பலகைதான் அதற்குப் பெட்டி. தயாரித்த கம்பெனியே பழுதைக் கண்டு அதே பலகையையோ அதற்கு ஈடான பலகையையோ மாற்றித் தந்தால் லைஸென்ஸ் பிழைத்திருக்கும். நம் இஷ்டப்படி வேறொரு பலகையைப் பொருத்தினால், சட்டத்தின் கண்ணுக்கு அது புதிய கம்ப்யூட்டர். பழைய லைஸென்ஸுக்கு அன்றோடு கருமாதி. கம்பெனிகளும் காலேஜுகளும் மொத்தமாக எடுப்பது மூன்றாவது விதம். அதில் ஒரு பிரிவு, அந்த ஸ்தாபனத்தின் சொந்த சர்வரிடம் 180 நாளுக்குள் ஒரு தடவையாவது போய் ஆஜர் கொடுக்கவேண்டும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் அதிசயச் சாவிகளில் பல, இப்படி யாரோ ஒரு ஸ்தாபனத்துக்குக் கொடுத்ததைக் கொல்லைப்புறமாகக் கொண்டு வந்து விற்பவை. இன்றைக்குத் திறக்கும், பிறிதொரு நாள் உரியவர்கள் ரத்துச் செய்தால் நின்றுவிடும்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, கம்ப்யூட்டரோடு வரும் சாவியைப் பலகையிலுள்ள நிலைநினைவுச் சில்லிலேயே பொறித்து விடுகிறார்கள். அதற்கு முன்னே பெட்டியின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். இரண்டு வருஷத்தில் தேய்ந்து எழுத்து மறைந்துவிடும். இப்போது சீட்டும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஆகவே அதே யந்திரத்தில் அதே விண்டோஸை மறுபடி நிறுவும்போது சாவியைக் கேட்டால் கலங்க வேண்டாம். சாவி இல்லை என்று சொல்லி மேலே போகலாம். இணையத்தில் சேர்ந்ததும் அது தன் பழைய உறவைத் தானே கண்டுகொள்ளும். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: முன்பு இருந்தது ஹோம் பதிப்பு என்றால் ஹோம் பதிப்பையே நிறுவவேண்டும். கடைக்காரர்கள் தாராள மனத்தோடு ப்ரோ பதிப்பைப் போட்டுவிட்டு, "ஆக்டிவேட் ஆகவில்லை, வேறு சாவி வாங்குங்கள்" என்று சொல்வதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சரியான பதிப்பை நிறுவினால் செலவின்றியே தீரும் வியாதி அது.

2015-ஆம் வருஷம் ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வந்தபோது, ஏழையும் எட்டேகாலையும், மன்னிக்கவும், 8.1-ஐயும் வைத்திருந்தவர்கள் ஓராண்டுவரை இனாமாக ஏறலாம் என்றார்கள். அப்படி ஏறியவர்களுக்குப் புதுச் சாவி தரப்படவில்லை. அந்தப் பலகையின் அடையாளம் கம்பெனியின் ஏட்டில் எழுதப்பட்டது; அவ்வளவுதான். டிஜிட்டல் லைஸென்ஸ் என்பது அதன் பெயர். கெடு 2016-இல் முடிந்த பிறகும் பின்வாசல் வெகுநாள் திறந்தே இருந்தது. பழைய ஏழின் சாவியைக் கொடுத்துப் பத்துக்குள் போனவர்கள் அநேகர். 2023 செப்டம்பரில் அந்தப் பின்வாசலையும் அடைத்துவிட்டதாக அறிவித்தார்கள்.

எங்கள் ஆபீஸ் யந்திரத்தின் ஜாதகம் இப்போது விளங்கியிருக்கும். பிறந்தது விண்டோஸ் ஏழோடு, ஓ.இ.எம். 2016-இல் இனாமாகப் பத்துக்கு ஏறிற்று. அனுமதி முழுவதும் பழைய பலகையின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. பலகை போயிற்று, அனுமதியும் போயிற்று. முதுகுச் சீட்டின் எழுத்துக்கள் என்றோ மறைந்துவிட்டன. தெரிந்திருந்தாலும் 2023-க்குப் பின் அவை செல்லா. இதில் பிறரைக் குறைகூற இடமில்லை. பலகையை மாற்றச் சொல்லுமுன் நாம் ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும், விசாரிக்கவில்லை. 2016 ஆகஸ்டில் வந்த பதிப்பு முதல், டிஜிட்டல் லைஸென்ஸை நம் மைக்ரோஸாப்ட் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதியும் உண்டு. அப்படி இணைத்திருந்தால், அங்கங்களை மாற்றிய பின், அமைப்புப் பக்கத்துக்குப் போய், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்று தெரிவித்து மீட்க முயலலாம். எல்லா வகை லைஸென்ஸுக்கும் அது பலிக்காது. ஆயினும் யந்திரம் நன்றாக ஓடும் காலத்திலேயே ஐந்து நிமிஷம் செலவிட்டு அதைச் செய்து வைப்பது புத்திசாலித்தனம். மருந்துக் கடை மூடிய பிறகு காய்ச்சல் வருவதுதானே வழக்கம்?

ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் இந்நாளில் எக்ஸ்பி-யைப்போல் கதவை அடைப்பதில்லை. மூலையில் நின்று முணுமுணுக்கும், அலங்காரங்களைத் தடுக்கும். நம் ஹெட்மாஸ்டர் திரைக்குப் பின்னணியாகக் காந்தியடிகள் படத்தை வைக்க முயன்றார். அமைப்புப் பக்கத்தில் அந்த வழி மூடியிருந்தது. "உப்புக் காய்ச்ச அனுமதி வேண்டியிருந்த காலத்தில் அவர் தண்டிக்குப் போனார், அவர் படத்தை மாட்ட அனுமதி கேட்டு நாம் எங்கே போவது?" என்றார். மதிப்பெண்கள் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தன. ஆனால் வேலை நடக்கிறதே என்று அப்படியே விட்டுவிடலாமா? டிக்கெட்டுப் பரிசோதகர் இறங்கச் சொல்லவில்லை என்பதற்காக டிக்கெட்டில்லாப் பிரயாணம் நியாயமாகிவிடுமா?

பரிசோதகரும் தவறு செய்வதுண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது ஒருதலைப்பட்சமாகும். 2007 ஆகஸ்டு 24-இல் கம்பெனியின் சர்வர்களில் பிசகு நேர்ந்து, ஒழுங்காக விலை கொடுத்தவர்களின் விண்டோஸ்களும் சுமார் 19 மணி நேரம் போலி என்று பெயர் வாங்கின. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவு என்றார்கள். 2018 நவம்பர் 8-இல், ப்ரோ பதிப்புக்கு உரியவர்கள் பலரைப் பார்த்து, உமக்கு உள்ளது ஹோம் உரிமைதான் என்று விண்டோஸ் 10 அறிவித்தது. இரண்டு பிசகுகளும் விரைவிலேயே திருத்தப்பட்டன. ஆனால் வழக்குத் தொடுத்தவரும், சாட்சியும், நீதிபதியும் ஒருவரேயாக இருக்கும் கோர்ட்டு எப்படி இருக்கும் என்பதை அந்த இரண்டு நாட்களும் காட்டிவிட்டன. குற்றமில்லாதவன் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, தன் பணத்தில் வாங்கிய யந்திரத்தின் முன்னே குற்றவாளியாகிறான். நமக்கு இந்த ஏற்பாட்டில் உள்ள மனஸ்தாபம் விலையைப் பற்றியதன்று, இதைப் பற்றியதே.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. தனி மனிதர்களின் யந்திரங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மாத்திரம் 2026 அக்டோபர்வரை பெற ஒரு நீட்டிப்புத் திட்டம் வைத்தார்கள். ஆக்டிவேட் ஆன பத்திலிருந்து பதினொன்றுக்கு இனாமாக ஏறலாம். லைஸென்ஸ் கூடவே வரும். ஆனால் யந்திரத்துக்குத் தகுதி வேண்டும். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். சிற்சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்டதாக இருக்கவேண்டும். எங்கள் பதின்மூன்று வயதுக் கிழவருக்கு அந்தப் பிராப்தம் இல்லை. ஆகவே அவருக்காகக் காசு கொடுத்துப் புது விண்டோஸ் லைஸென்ஸ் வாங்குவது, ஓடாத வண்டிக்கு ஸீஸன் டிக்கெட்டு எடுப்பதாகும்.

அப்படியானால் வேறு கதியே இல்லையா? உண்டு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யாரும் உபயோகிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அயலாருக்கும் கொடுக்கலாம் என்ற கொள்கையோடு கனூ என்னும் இயங்குதளத்தைச் செய்யப் புறப்பட்டார். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்ற கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததே இன்று உலகெங்கும் பெரிய சர்வர்களை ஓட்டுகிறது. இதில் சாவியும் இல்லை, கைரேகையும் இல்லை. பலகையை மாற்றினாலும் நம்மை யாரென்று கேட்பதில்லை. சென்னையிலுள்ள ஸி-டாக் என்னும் ஸர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தார் இதைத் தழுவி பாஸ் என்ற சுதேசி லினக்ஸை 2007-இல் வெளியிட்டார்கள். தமிழ் முதலிய நம் தேச பாஷைகளுக்கு அதில் இடமுண்டு. அண்டை நாட்டாரான மலையாளிகள் தங்கள் பள்ளிக்கூடங்களில் லினக்ஸையே ஸ்தாபித்தார்கள். 2019-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு அது போகிறது என்றும், 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அங்கே கணக்குச் சொன்னார்கள். மிச்சக் கணக்குகளைக் கொஞ்சம் உப்போடு சேர்த்து உண்பது நம் வழக்கம். எனினும் அதில் பத்தில் ஒரு பங்கு மெய்யானாலும் 300 கோடியல்லவா?

கதர் உடுத்தினவர்கள் எல்லாரும் நூல் நூற்றவர்கள் அல்லர். அதுபோல லினக்ஸைப் போட்டவுடன் சகல சங்கடங்களும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆபீஸில் உள்ள பழைய கடிதங்களெல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பிசாசு பாஷை தெரிகிறது. பழைய பிரிண்டருக்கு மூன்று நாள் உபசாரம் செய்த பின்னரே அது அசைந்து கொடுத்தது. விண்டோஸில் மட்டும் ஓடக்கூடிய சில காரியங்கள் ஆபீஸுக்கு இன்னும் உண்டு.

ஆகவே முடிவில் இப்படிச் செய்தோம். கிழவருக்கு லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றினோம். அங்கே அவர் குமரரைப்போல் ஓடுகிறார். ஆபீஸுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் சந்தா வசூலித்து, விண்டோஸ் 11 உடன் ஒரு சின்ன யந்திரம் வாங்கித் தந்தார்கள். இந்தத் தடவை நாம் கடைக்காரரை விடவில்லை. லைஸென்ஸ் எந்த ஜாதி, எந்தப் பதிப்பு, கைமாற்றலாமா, பலகை பழுதானால் யார் மாற்றித் தருவார்கள் என்று கேட்ட கேள்விகளுக்கு அவர் முகம் வேர்த்துவிட்டது. பதில்களையெல்லாம் பில்லின் பின்புறத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் செய்தோம்.

கிராக் போட வந்த பையன் மறுவாரம் நம்மைத் தேடி வந்தான். பள்ளிக்கூடத்துக்குப் போட்ட லினக்ஸில் ஒரு பிரதி வேண்டுமாம். "இதைக் காப்பி பண்ணினா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா, ஸார்?" என்று இரண்டு தரம் கேட்டான். சொல்லமாட்டார்கள் என்று அவனுடைய பென் டிரைவில் எழுதிக் கொடுத்தோம்.

அந்தப் பில்லை ஹெட்மாஸ்டர், பள்ளிக்கூடத்து மனைப் பத்திரங்களோடு சேர்த்து இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். பீரோச் சாவியை எங்கே வைத்தார் என்றுதான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.